கரிசல் மண்ணில் இரண்டு எழுத்தாளர்கள்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி சாலையில் கொஞ்ச தூரம் போனால் இடைசெவல். பருத்தி, கம்பு, உளுந்து விளைகிற கரிசல் பூமி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் இந்த மண், ஒரு மழை பெய்துவிட்டால் செருப்பை விடாது. அப்பிய மண்ணைக் குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கலாம்.

இந்தச் சின்ன ஊரில்தான் 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். இருவருக்குமே சாகித்திய அகாடமி விருது. அழகிரிசாமிக்கு அது 1970-இல், அவர் மறைந்த பிறகு வந்தது, கி.ரா.வுக்கு 1991-இல். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத விவசாயியான கி.ரா., கரிசல் பேச்சுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார்; புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். 2021-இல் புதுச்சேரியில் காலமானவரை இந்த மண்ணுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு நினைவரங்கம் இருக்கிறது. பக்கத்திலேயே பாரதி பிறந்த எட்டயபுரம், அதையும் பார்த்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் போங்கள், காடு பச்சையாக இருக்கும். திரும்பும்போது கடலைமிட்டாய் வாங்க மறக்காதீர்கள்!