120 கிரெடிட் முடித்தால் உளவியலாளரா?

உளவியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து வேலை செய்ய வேண்டும் என்று நினைக்கும் திருகோணமலை மாணவருக்கு முதலில் கிடைக்கும் விடை "இங்கே இல்லை" என்பதுதான். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கலாம். முகாமைத்துவம், தொடர்பாடல், கணினி படிக்கலாம். உளவியலுக்கென்று தனிப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ களனிக்கோ பெட்டி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாவலையில் தலைமையகம் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டும்.

க.பொ.த. உயர்தரத்தில் கலை, வணிகம், விஞ்ஞானம் எந்தப் பிரிவிலும் உளவியல் ஒரு தனிப் பாடமாக இல்லை. ஓரளவு கிட்ட வருவது அளவையியலும் விஞ்ஞான முறையும். ஆகவே உளவியல் என்றால் என்ன என்று ஒரு பாடப்புத்தகத்தைக்கூடத் திறந்து பார்க்காமல்தான் பெரும்பாலானோர் அதைத் தெரிவு செய்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்த்ததும் முகநூலில் வாசித்ததும்தான் முன்னறிவு. இதில் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாடசாலை சொல்லித்தராத ஒன்றை வேறெங்கே போய்த் தெரிந்துகொள்வது?

அரச பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடம் பெரும்பாலும் கலைப்பீடத்துக்குள் இருக்கிறது. இசட் புள்ளியின்படி கிடைக்கும் அனுமதி கலைப்பீடத்துக்கான அனுமதி, உளவியலுக்கானது இல்லை. கல்வியில் பின்தங்கியவை என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வகுத்துள்ள 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. எந்தக் கற்கைநெறிக்கு மாவட்டக் கோட்டா உண்டு, எதற்கு அகில இலங்கைத் திறமை மட்டும் என்பதை அந்தந்த ஆண்டின் கைநூலில் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடந்த ஆண்டு அண்ணன் நிரப்பிய படிவத்தைப் பார்த்து எழுதக் கூடாது. பீடத்துக்குள் போன பிறகு முதலாம் ஆண்டில் பல பாடங்கள். அவற்றில் ஒன்றாக உளவியலை எடுத்து, முதலாம் ஆண்டுப் பெறுபேற்றின் அடிப்படையில்தான் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக வேண்டும். இடங்களோ குறைவு. அனுமதிக் கடிதம் வந்த நாளில் "மகள் சைக்கோலஜி செய்யப் போறா" என்று அயலுக்குச் சொல்லிவிட்ட தாய்மாருக்கு, மகள் வேறு பாடத்தில் சிறப்புக் கற்க நேர்ந்த கதை புதிதல்ல. முதலாம் ஆண்டைப் பகிடிவதைக்கும் சுற்றுலாவுக்குமான ஆண்டாக நினைப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பொதுப் பட்டமா, சிறப்புப் பட்டமா என்பதை இலங்கைத் தகைமைச் சட்டகம் எண்ணால் பிரித்து வைத்திருக்கிறது. மூன்று வருடப் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணி நேரம் என்றால், அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது ஏறக்குறைய 45 மணி நேரம்தான். மீதி நூறு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பு, ஒப்படை, செய்முறை, பரீட்சைத் தயாரிப்பு. 120 கிரெடிட்டையும் கூட்டினால் 6000 மணி நேரம். "லெக்சர் குறைவு, லேசான பாடம்" என்று விடுதியில் சொல்லும் சீனியரை நம்பினால் இந்தக் கணக்கு இறுதி அரையாண்டில் கழுத்தைப் பிடிக்கும்.

வெளிநாட்டுப் பட்டங்களோடு ஒப்பிடும்போது இந்த எண்கள் ஆளை ஏமாற்றும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வெளியிட்ட சட்டகத்தில் மூன்று வருடப் பட்டத்துக்கே 120 கிரெடிட், நான்கு வருடத்துக்கு 160. பிரித்தானியாவில் மூன்று வருடச் சிறப்புப் பட்டம் 360. அங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேரம். எண் பெரிதாக இருப்பதால் பட்டமும் பெரிது என்று ஆகிவிடாது. திருச்சியிலோ சென்னையிலோ படித்துவிட்டு வருபவர், இங்கே தன் பட்டம் எந்த மட்டத்தில் ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சையில் சித்தியடைவது வேறு, பட்டம் பெறத் தகுதியாவது வேறு. இலங்கையில் பரவலாகப் பின்பற்றப்படும் தர அளவில் C என்பது 2.00, B என்பது 3.00, A என்பது 4.00. மொத்த ஜி.பி.ஏ. 2.00 க்குக் கீழே போனால் பட்டம் இல்லை. 3.00 இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு, 3.30 மேற்பிரிவு, 3.70 முதல் வகுப்பு. விரிவுரைகளுக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்பது பல பீடங்களின் விதி. றிப்பீற் எடுத்தால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் C க்கு மேல் தராத இடங்களும் பல. வகுப்பை இழப்பவர்களில் பலர் இழப்பது கடினமான பாடத்தால் அல்ல. வீட்டில் கலியாணம், செத்தவீடு, கோவில் திருவிழா என்று ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்குமாக அலைந்து, வரவு குறைந்து தவறவிட்ட முதல் பரீட்சையால்தான்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மூளையும் நரம்பும், ஞாபகமும் சிந்தனையும், பிள்ளை வளர்ச்சி, சமூக உளவியல், ஆளுமை, பிறழ்வு உளவியல். உலகில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இந்தத் தூண்கள் ஏறக்குறைய இவைதான். மாணவர்கள் இவற்றை விரும்பித்தான் படிக்கிறார்கள். அவர்களை விழுத்துவது புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையியலும். கலைப் பிரிவில் வந்தவர் சாதாரண தரத்தோடு கணிதத்துக்குக் கும்பிடு போட்டவராக இருப்பார். அவர் முன்னால் திடீரென்று நியம விலகல், இணைபுக் குணகம், டி-சோதனை, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் எல்லாம் வந்து நிற்கும். இவற்றைத் தவிர்த்து உளவியல் பட்டம் கிடையாது, தவிர்க்கவும் கூடாது. ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா, இல்லையா என்பதைச் சொல்ல வேறு வழி நமக்கு இல்லை.

நான்காம் ஆண்டு ஆய்வேடுதான் என் பார்வையில் இந்தப் பட்டத்தின் நடுமுள். தலைப்புத் தெரிவு, மேற்பார்வையாளர், ஒழுக்கவியல் குழுவின் அனுமதி, பங்குபற்றுவோரின் எழுத்து மூலமான சம்மதம், தரவு, பகுப்பாய்வு, கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. இதில் அனுமதிக் கட்டத்தை வெறும் கையொப்ப வேலை என்று நினைப்பவர்கள் திருகோணமலையின் கடந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கிண்ணியாவையும் மூதூரையும் கடல் அடித்த பிறகு, கிழக்குக் கரைக்கு உதவியோடு வினாக்கொத்துகளும் வந்து இறங்கின. ஒரே முகாமில் ஒரே தாயிடம் வெவ்வேறு குழுக்கள் வந்து, இறந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டன. பதில் எழுதிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010 இல் வெளியிட்ட 'கிரேஸி லைக் அஸ்' நூலில் சுனாமிக்குப் பிந்திய இலங்கைக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். மேற்கின் அதிர்ச்சிக் கோட்பாடுகளை இந்த மண்ணில் அப்படியே இறக்கியதைப் பற்றிய விமர்சனம் அது. 2007 இல் ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்த நிலைக்குழு வெளியிட்ட உளசமூக வழிகாட்டியும், பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் இருத்தி நடந்ததை எல்லாம் சொல்ல வைக்கும் முறை வேண்டாம் என்கிறது. நல்ல மனதோடு செய்தாலும் கெடுதி வரலாம். இறுதியாண்டு மாணவர் ஒருவர் மூதூரில் அறுபது பேரிடம் வினாக்கொத்தோடு போக விரும்பினால், ஒழுக்கவியல் குழு அவரைப் பலமுறை திருப்பி அனுப்புவது நியாயம்தான்: அழத் தொடங்கினால் என்ன செய்வீர், யாரிடம் அனுப்புவீர், பெயரை எங்கே பூட்டி வைப்பீர்?

நம்மவர் எழுதியதும் குறைவில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், போர் தமிழ் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றியது. சாந்திகம் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழிலும் உளநல நூல்கள் வந்தன. இவற்றை வாசிக்காமல் அமெரிக்கப் பாடப்புத்தக உதாரணங்களை மட்டும் மனப்பாடம் செய்து முதல் வகுப்பு எடுத்தவரும் உண்டு. பரீட்சைக்கு அது போதும். கிண்ணியாக் கிளினிக்குக்குப் போதாது.

மொழியும் ஒரு நிபந்தனைதான், விதிக்கோவையில் எழுதப்படாவிட்டாலும். தமிழில் விரிவுரை கேட்டாலும் ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில். திறந்த பல்கலைக்கழகத்தின் உளவியல் விஞ்ஞானமாணிச் சிறப்புப் பட்டம் ஆங்கில மொழி மூலம். படித்துவிட்டு வந்து இருக்கப்போகும் மாவட்டமோ தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையாகக் கலந்து வாழும் மாவட்டம். சீனக்குடாவிலும் கந்தளாயிலும் சிங்களம் பேசாமல் உளவளத்துணை செய்ய முடியாது. நான்கு வருடத்தில் ஒரு விடுமுறையையாவது சிங்களத்துக்குக் கொடுப்பது மேலதிக டிப்ளோமாவைவிடப் பயன் தரும்.

சரி, 120 கிரெடிட்டும் முடிந்தது, பட்டமளிப்பில் படமும் எடுத்தாயிற்று. பெயருக்கு முன்னால் உளவியலாளர் என்று போட்டு நோயாளரைப் பார்க்கலாமா? முடியாது. முதல் பட்டம் உளவியல் என்ற துறையை அறிந்தவர் என்று மட்டுமே சொல்கிறது. சிகிச்சை உளவியலாளராக வைத்தியசாலையில் பணியாற்றப் பட்டப்பின் பயிற்சி வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் முதுதத்துவமாணி அதற்கான இரண்டு வருட வழி. மேற்பார்வையின் கீழ் நோயாளரைப் பார்ப்பதும் அதில் அடக்கம். மருந்து எழுதும் உளமருத்துவர் வேறு: அவர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் நிபுணத்துவம் பெற்றவர். இடையில் இருக்கும் வேலைகளும் மதிப்பானவையே: பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர், பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர், தொண்டு நிறுவனத்தில் உளசமூகப் பணியாளர். உண்மையைச் சொன்னால், பட்டதாரி நியமனத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகி மேசையில் கோப்புத் தள்ளும் உளவியல் பட்டதாரிகளும் இருக்கிறார்கள்.

கொழும்பில் தனியார் நிறுவனங்கள் விற்கும் பிரித்தானியப் பட்டங்களைப் பற்றி விசாரிக்கும் பெற்றோரும் உண்டு, கட்டணம் இலட்சக்கணக்கில். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பது முதல் கேள்வி. அந்தப் பாடத்திட்டத்துக்குப் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா, அது கொழும்பில் படிப்பவருக்கும் செல்லுமா என்பது அடுத்தது. சங்கத்தின் பட்டதாரித் தகுதிக்கு இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவாவது வேண்டும். ஆய்வேட்டிலும் தனியாகச் சித்தியடைந்திருக்க வேண்டும். அதில் தவறினால் மற்றப் பாடங்களின் புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும் அந்தத் தகுதி இல்லை. முற்பணம் கட்டுவதற்கு முன் இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை வாயால் சொல்வதை ஆணைக்குழு ஏற்காது.