கூட்டம் நடத்துவதும் ஒரு வேலைதான்!



லெவலிங் எடுக்கவும், எஸ்டிமேட் போடவும் கற்றுக்கொள்கிறோம். ஆனால் ஒரு திட்டத்தால் வாழப்போகிற, அல்லது நஷ்டப்படப்போகிற மக்களைக் கூட்டி வைத்துப் பேசுவது எப்படி? "நாலு சேர், ஒரு மைக், டீ, பிஸ்கட் இருந்தா கூட்டம் முடிஞ்சுது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இதற்கு நல்ல உதாரணம், 2006 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. சுரங்கம், அனல் மின்நிலையம், சிமெண்ட் ஆலை போன்ற பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது அது. நடத்தும் முறையும் அதிலேயே இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முன்கூட்டியே சொல்லுதல்: குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரு தேசியப் பத்திரிகை, ஒரு வட்டார மொழிப் பத்திரிகை இரண்டிலும் விளம்பரம் வர வேண்டும். பத்திரிகை எட்டாத ஊரில் மேளம் அடித்தாவது, ரேடியோவில் சொல்லியாவது தெரிவிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டுமே! முந்தின நாள் சொன்னால் எப்படி வருவார்?

2. புரிகிற மொழி: திட்ட அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். படித்துவிட்டு வந்தால்தான் கேள்வி பிறக்கும்.

3. நடுவில் ஒருவர்: கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார். கம்பெனிக்காரர் திட்டத்தை விளக்குவார், தலைமை தாங்க மாட்டார். தன் திட்டத்துக்குத் தானே தீர்ப்பு சொல்லக் கூடாதல்லவா?

4. எல்லோருக்கும் வாய்ப்பு: வந்திருக்கும் ஒவ்வொருவரும் விளக்கம் கேட்கலாம். நடப்பது முழுவதும் வீடியோ எடுக்கப்படும். ஆனால் கோரம் தேவையில்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. அதனால்தான் முதல் விதி அவ்வளவு முக்கியம்.

5. மினிட்ஸ்: இதுதான் உயிர்நாடி. கூட்டம் முடியும்போதே மக்கள் சொன்னதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். மக்கள் எழுப்பிய பிரச்சினைகளும் கம்பெனியின் பதில்களும் பட்டியலாக இணைக்கப்படும். வாசிக்காமல் கலைந்தால், யார் என்ன சொன்னார்கள் என்பது எழுதுகிறவர் கைக்குப் போய்விடும்.

இதெல்லாம் பெரிய திட்டத்துக்குத்தானே என்று கேட்கலாம். நாளை நாம் சைட்டில் நின்று ஒரு வாய்க்கால் மதகையோ, தெருச் சாக்கடையையோ கட்டும்போதும் இதே முறை உதவும். தலைமடைக்காரரை மட்டும் கூப்பிட்டால் போதாது, கடைமடைக்காரரும் வர வேண்டும். துணி துவைக்க வருகிற பெண்களும், ஆடு ஓட்டிப் போகிறவரும் வர வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும். டிராயிங்கை நீட்டினால் பலருக்குப் புரியாது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "இங்கதான் மதகு, தண்ணி இப்படித் திரும்பும்" என்று காட்டினால் கேள்வி தானாக வரும். கடைசியில் எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, அங்கேயே வாசித்துவிட வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் அப்பா அதிகாரிகள் முன்னால் "சரிங்க சார்" என்பதைத் தவிர வேறு பேச மாட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசில் இருப்பதைச் சொல்வார். அந்த "சரிங்க" சம்மதம் அல்ல. நம்மில் பலர் வீட்டிலும் இதே கதைதான். ஆகவே கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணே?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதையும் மினிட்ஸில் ஏற்ற வேண்டும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நாளை உட்காரப் போவது நாம்தான். இந்தப் பக்கம் இருப்பவர்கள் நம் வீட்டு மனிதர்கள் என்பதை மறக்க வேண்டாம், தோழர்களே!