கண்ணாடி மனையில் சேம்பின் சுற்றத்தார்

சேம்பு, கருணை என்றவுடன் நேயர்களுக்கு அடுக்களையே நினைவுக்கு வரும். புளி விட்டு அவியாவிடில் தொண்டை அரிக்கும் என்பதும் உடன் நினைவுக்கு வரும். அவ்வரிப்புக்குக் காரணம் அவற்றிலுள்ள ஊசி போன்ற நுண்ணிய ஒட்சலேற்றுப் பளிங்குகளாகும். இக்குடும்பத்தில் இன்று 3,000க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை அயனமண்டலக் காடுகளுக்கு உரியவை. கறிக்கு உதவாத பலவும் இலையழகு கருதி மேனாட்டுக் கண்ணாடி மனைகளில் வளர்க்கப்படுகின்றன.

குடும்பத்தை அறிவது எளிது. தடித்த தண்டொன்றில் நுண்ணிய பூக்கள் நெருங்கியிருக்க, அதனை ஒரே மடல் சார்ந்து நிற்கும். அந்தூரியத்திற் பலர் பூவிதழ் என மயங்குவது இம்மடலையே. ஆனால் இனத்தைப் பிரித்தறிவதோ பெருந்தொல்லை. இலை இங்கு நம்பத்தகாத சாட்சி. மொன்சுதெரா என்னுங் கொடியின் இளம் இலையிற் பிளவு இராது. மரத்தைப் பற்றி ஏறி முதிரும்போதே பிளவும் துளையும் தோன்றும். சாடியில் வளர்ந்த இளங்கொடியைப் பிலோதெந்திரன் என்று பெயரிட்டு விற்ற தோட்டக்காரர் பலர்.

நம்மவர் வீடுகளிற் போத்தல் நீரில் வளரும் ‘மணி பிளான்ட்’ இதற்கு நல்ல சான்று. பசிபிக் சமுத்திரத்து மொரேயாத் தீவுக்குரிய இக்கொடி பூப்பது மிக அரிது. 1880 இல் அதற்குப் பொத்தொஸ் என்று பெயரிட்டனர். பின்னர் சிந்தாப்சஸ் என்றனர். 1960களில் அதன் பூவை ஆராய்ந்த பின் இறபிடோபோரா என்றனர். 1964 இலேதான் எப்பிபிரெம்னம் என்னும் சாதியில் அது அமர்ந்தது. சூலகத்தில் எத்தனை சூல்வித்துக்கள் உள என்பதே இங்கு வழக்கைத் தீர்ப்பது: சிந்தாப்சஸில் ஒன்று, எப்பிபிரெம்னத்திற் சில, இறபிடோபோராவிற் பல. இக்கொடி பூவாமைக்கு ஜிபரலின் என்னும் வளர்ச்சிப் பொருளின் குறையே காரணம் என 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

பூவின்றிப் பெயரில்லை; ஆகவே செடியை உயிரோடு வளர்த்துக் காத்திருத்தல் வேண்டும். சேம்பினத்தின் சதைப்பற்றான பூங்கொத்தோ உலர்த்தினால் உருவிழந்து விடுகின்றது. இதனை நன்குணர்ந்தவர் ஒசுத்திரிய நாட்டுத் தாவரவியலாளர் ஐன்றிக் சொட் என்பார். 1817 இற் பிரேசிலுக்குச் சென்ற ஆய்வுக் குழுவிற் பங்குகொண்ட அவர், பிற்காலத்தில் வியன்னாவிலுள்ள சோன்புறூன் அரண்மனைத் தோட்டங்களின் தலைவரானார். பனி பெய்யும் நகரிற் காட்டுக் கொடிகளை வளர்ப்பது இலகுவன்று. குளிர்காலம் முழுவதும் மனையைச் சூடேற்ற வேண்டும். காற்று ஈரமாயிருத்தல் வேண்டும். வேரிலோ நீர் தங்கலாகாது, தங்கினால் அழுகும். அதனாலேயே களிமண்ணை விடுத்து, மரப்பட்டைத் துண்டும் இலைமக்கும் பாசியும் கலந்த இளகிய கலவையில் இத்தகைய கொடிகளை நடுவர். ஏறுகொடிக்குப் பாசி சுற்றிய கம்பம் நாட்டினால், அது காட்டு மரமென்றே எண்ணினாற்போல வேரை ஊன்றிப் பேரிலை விடும்.

மடல் விரிந்து நிற்பது சில நாளே. சிலவற்றில் ஓரிரு நாளே. அதற்குள் பார்த்தாக வேண்டும். சொட் ஓவியர்களை அமர்த்தி, இலையையும் மடலையும், மடலைப் பிளந்து உள்ளிருந்த நுண்ணிய பூக்களையும் வரைவித்தார். இவ்வாறு 3,000க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. 1865 இல் அவர் மறைந்தார். அவர் பெயரிட்ட இனங்களுக்கு ஆதாரமாயிருந்த அவரது உலர்தாவரத் தொகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோயிற்று. படங்கள் தப்பின. வியன்னா இயற்கை வரலாற்று நூதனசாலையில் அவை இருக்கின்றன. சொட் பெயரிட்ட செடி எதுவென ஐயம் எழும்போது, செடி இருந்த இடத்தில் அதன் படத்தையே ஆய்வாளர் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.