‘மேப்ல உங்க தெருவே காட்டலையே அண்ணா!’: மாநகராட்சியும் மக்களும் சேர்ந்து ஒரே மேப்பை வரைவது எப்படி?

"அண்ணா, லொகேஷனுக்கு வந்துட்டேன். ஆனா மேப்புல இதுக்கு மேல ரோடே இல்லையே!"

புறநகரில் புதிதாக வந்த மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறிய பலருக்கும் இந்த போன் கால் பழக்கமானதுதான். "மாரியம்மன் கோயில் தாண்டி, தண்ணி டேங்க் பக்கத்துல லெஃப்ட் எடுங்க தம்பி" என்று வழி சொல்லியே ஓய்ந்து போவார்கள். பார்சல் என்றால் பத்து நிமிஷம் லேட் ஆகும், அவ்வளவுதான். இதே கால் 108 ஆம்புலன்ஸ் டிரைவரிடம் இருந்து வந்தால்?

இத்தனைக்கும் அந்தத் தெரு உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரியாத தெரு இல்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தது, சொத்து வரி போட்டது, தெருவிளக்கு வைத்தது எல்லாம் அவர்கள்தான். தெரு ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. உங்கள் போனில் இல்லை. இன்னொரு பக்கம், எந்த சந்தில் வண்டி நுழையாது, எந்தப் பாதையை சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள் என்பது அங்கே வாழும் மக்களுக்குத் தெரியும். அது அரசு ஃபைலில் இருக்காது.

இந்த இரண்டு தகவலையும் ஒரே மேப்பில் கொண்டுவர உலகின் பல நகரங்கள் முயன்று பார்த்திருக்கின்றன. அதற்கு அவை பயன்படுத்திய களம் ‘ஓபன் ஸ்ட்ரீட் மேப்’.

ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், மேப்புகளின் விக்கிப்பீடியா. 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. கணக்கு தொடங்கினால் யார் வேண்டுமானாலும் தெரு, கிணறு, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் என எதையும் சேர்க்கலாம், தவறைத் திருத்தலாம். இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள்.

கூகுள் மேப்பை நாம் பார்க்கலாம், ஆனால் அதன் அடியில் இருக்கும் தரவை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் முழுத் தரவையும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். அதனால்தான் மெட்டா, ஆப்பிள், அமேசான் போன்ற பெரிய நிறுவனங்களும் இதைப் பயன்படுத்துகின்றன, வெள்ளத்தில் மீட்புப் பணி செய்யும் தன்னார்வலர்களும் பயன்படுத்துகிறார்கள்.

அரசுத் தரவை அப்படியே ஏற்றிவிட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பதில் கிடைத்துவிட்டது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் ‘டைகர்’ என்ற சாலைத் தரவு இருக்கிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2007, 2008-ம் ஆண்டுகளில் அதை மொத்தமாக ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றினார்கள். கிட்டத்தட்ட வெறுமையாக இருந்த அமெரிக்க மேப் ஒரே பாய்ச்சலில் நிரம்பியது.

பிரச்னை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கணக்கெடுப்புக்காக உருவான தரவு அது. பல இடங்களில் சாலை உண்மையான இடத்தை விட்டுத் தள்ளிக் கிடந்தது. காட்டு வழியும் தோட்டப் பாதையும் குடியிருப்புச் சாலை என்று பதிவாகியிருந்தன. சில சாலைகள் தரையில் இல்லவே இல்லை. ஒவ்வொரு சாலையிலும் ‘இன்னும் சரிபார்க்கவில்லை’ என்று ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை நீக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இதில் கிடைத்த பாடம் இரண்டு. அரசுத் தரவு என்பதாலேயே சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்றுவதற்கு ஒரு நாள் போதும், பராமரிக்க ஆள் வேண்டும். இன்று பெரிய அளவில் தரவு ஏற்றுவதற்கு ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் தனி விதிகள் உண்டு. அந்த ஊர் தன்னார்வலர்களிடம் முதலில் கேட்க வேண்டும், உரிமம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கெனத் தனிக் கணக்கு வைத்து ஏற்ற வேண்டும்.

நியூயார்க் என்ன செய்தது?

2012-ல் நியூயார்க் நகரம் திறந்த தரவுக்காக ஒரு சட்டம் கொண்டு வந்தது. அரசுத் துறைகளிடம் இருக்கும் பொதுத் தரவை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்பதே அதன் சாரம். அதைத் தொடர்ந்து நகரின் கட்டட வரைவுகளும் முகவரிகளும் எல்லோருக்கும் கிடைத்தன.

2013-ல் தொடங்கி 2014-க்குள், சுமார் 10 லட்சம் கட்டடங்களும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏறின. மேப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர்களும் உள்ளூர் தன்னார்வலர்களும் இதைச் செய்தார்கள். நகரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு மனிதர் பார்த்த பிறகே ஏற்றினார்கள். தன்னார்வலர் ஏற்கெனவே வரைந்த கட்டடம் அங்கே இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்த்தார்கள்.

நியூயார்க்கைத் தனித்துக் காட்டுவது அடுத்து நடந்த விஷயம். அந்த நகர எல்லைக்குள் யாராவது மேப்பில் ஒரு கட்டடத்தையோ முகவரியையோ மாற்றினால், அன்றைய மாற்றங்களின் பட்டியல் மெயிலில் நகர நிர்வாகத்தின் மேப் பிரிவுக்குப் போகும்படி ஒரு சிறிய மென்பொருள் எழுதப்பட்டது. மேப்பில் திருத்திய ஒருவர் அரசுக்கு மனு எதுவும் போட வேண்டியதில்லை. தகவல் தானாகவே சம்பந்தப்பட்ட மேஜைக்குப் போய்விடும்.

‘சிங்க்’ எப்படி நடக்கிறது?

போனில் கான்டாக்ட்ஸ் சிங்க் ஆவது மாதிரி பட்டனைத் தட்டினால் முடிகிற வேலை இல்லை இது. நான்கு படிகள் இருக்கின்றன.

முதல் படி, பொது அடையாளம். நியூயார்க்கில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் 7 இலக்க எண் உண்டு. அந்த எண்ணையும் சேர்த்தே மேப்பில் ஏற்றினார்கள். அரசுப் பட்டியலில் இருக்கும் கட்டடமும் மேப்பில் இருக்கும் கட்டடமும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ள இந்த எண் வேண்டும்.

இரண்டாவது, ஒப்பீடு. அரசு புதிய பட்டியல் வெளியிடும்போது மொத்தத்தையும் மறுபடி ஏற்றக் கூடாது. பழைய பட்டியலுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். புதிதாக வந்தது எது, இடிக்கப்பட்டது எது, பெயர் மாறியது எது என்று தெரிந்தால் போதும்.

மூன்றாவது, மனிதர் சரிபார்ப்பு. ‘இந்தக் கடை மூடிவிட்டது’ என்று ஒரு தன்னார்வலர் போன வாரம்தான் திருத்தியிருப்பார். ஆறு மாதப் பழைய அரசுப் பட்டியல் வந்து அதை அழித்துவிடக் கூடாது. ஒரு முறை அப்படி நடந்தால் அவர் மறுபடி திருத்த வர மாட்டார்.

நான்காவது, மறுவழி. மேப்பில் மக்கள் செய்த மாற்றம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான ஊர்களில் விட்டுப்போவது இந்தப் படிதான்.

மக்கள் போட்டதை அரசு அப்படியே காப்பி பண்ணலாமா?

முடியாது. அதற்குக் காரணம் உரிமம். 2012 முதல் ஓபன் ஸ்ட்ரீட் மேப் ‘ஓடிபிஎல்’ என்ற உரிமத்தில் வருகிறது. யாரும் பயன்படுத்தலாம். ஆனால் இந்தத் தரவை உங்கள் தரவோடு கலந்து வெளியிட்டால், கலந்து உருவான தரவையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும், மூலத்தையும் குறிப்பிட வேண்டும். எந்த நிபந்தனையும் இல்லாமல் தரவு வெளியிடும் அரசுக்கும் இது சிக்கல், தரவைப் பூட்டி வைக்கும் அரசுக்கும் சிக்கல்.

அதனால் மக்கள் செய்த மாற்றத்தைக் காப்பி எடுக்காமல் ஒரு துப்பாக வைத்துக்கொள்வது ஒரு வழி. ‘இந்த இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது’ என்று தெரிந்ததும் அரசு ஊழியர் வான்வழிப் படத்தையோ சொந்த ஆவணத்தையோ பார்த்து, உண்மை என்றால் தங்கள் பட்டியலில் தாங்களே பதிவு செய்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் சிக்கல் உண்டு. பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அரசு தரவு வெளியிட்டாலும், அதை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் சேர்க்க அரசிடம் தனியாக ஒரு ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம்தான். அது கிடைக்காமல் நின்றுபோகும் முயற்சிகளும் உண்டு.

அரசிடமே தரவு இல்லாவிட்டால்?

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும் நகரம். எந்தப் பகுதியில் எத்தனை பள்ளி, எங்கே மருத்துவமனை, குட்டிப் பகுதிகளின் எல்லை எது என்பது 2012 வரை ஒரே மேப்பில் இல்லை. வெள்ளத்துக்குத் தயாராக நகரின் பேரிடர் மேலாண்மை அமைப்பு, மனிதாபிமான ஓபன் ஸ்ட்ரீட் மேப் குழுவோடு கைகோத்தது.

நகரின் 267 உள்ளூர் நிர்வாகப் பிரிவுகளில் இருந்து நிர்வாகிகளை வரவழைத்தார்கள். அவர்கள் தங்கள் பகுதியைக் காட்டிச் சொல்லச் சொல்ல, இந்தோனேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் மேப்பில் ஏற்றினார்கள். 2013 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது, எந்தப் பகுதி மூழ்கியிருக்கிறது என்று காட்ட இந்த மேப்பே அடிப்படையானது.

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கதை வேறு. பஸ், ரயில் நடத்தும் ட்ரைமெட் நிறுவனம், பஸ்ஸோடு நடையையும் சைக்கிளையும் சேர்த்து வழி சொல்லும் சேவையை 2011-ல் கொண்டுவந்தது. அதற்கு ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை எடுத்துக்கொண்டது. மேப்பில் குறை இருந்த இடங்களை நிறுவனமே ஆள் வைத்துத் திருத்தியது. அந்தத் திருத்தம் எல்லோருக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது.

பிரான்ஸில் முகவரிப் பட்டியலே பிரச்னையாக இருந்தது. 2015-ல் அந்நாட்டின் மேப் துறையும் தபால் நிறுவனமும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் பிரான்ஸ் அமைப்போடு ஒப்பந்தம் போட்டு தேசிய முகவரித் தொகுப்பைத் தொடங்கின. 2022-ல் வந்த ஒரு சட்டம், சின்ன கிராமங்கள் உட்பட எல்லா உள்ளாட்சிகளும் தெருவுக்குப் பெயர் வைத்து, வீட்டுக்கு எண் போட்டு, அந்தத் தரவை வெளியிட வேண்டும் என்றது. முகவரியைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது இப்போது தெளிவு.

யாராவது தப்பா மாத்திட்டா?

நியாயமான பயம். 2018-ல் ஒரு விஷமி, மேப்பில் நியூயார்க் நகரத்தின் பெயரையே வெறுப்புச் சொல்லாக மாற்றினார். ஓபன் ஸ்ட்ரீட் மேப் தன்னார்வலர்கள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஆனால் அதே ஆகஸ்ட் மாத இறுதியில், ஸ்னாப்சாட் உள்ளிட்ட செயலிகளில் அந்தச் சொல் பளிச்சென்று தெரிந்தது. இடையில் தரவை எடுத்துக் கொடுத்த நிறுவனத்தின் வழியே தவறான பெயர் கசிந்திருந்தது.

மேப்பில் ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்று பதிவாகிறது. பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். மூலத்தில் தவறு சரியான பிறகும் பழைய நகல்கள் வெளியே சுற்றிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து பெரிதாகிறது.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே தத்தளித்தபோது, ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்துத் தன்னார்வலர்கள் ஒரு பக்கம் உருவாக்கினார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை மக்களே அதில் தொட்டுக் குறித்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அவற்றைக் குறிக்க முடிந்தது. மேப்பில் இல்லாத தெருவில் தண்ணீர் நின்றாலும் அதைத் தொட்டுக் காட்ட வழியில்லை.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் மேப் தயாரிக்க முன்அனுமதி வாங்கும் தேவையை நீக்கின. பக்கத்து மாநிலமான கேரளாவில் மாநில ஐடி மிஷனே ‘மேப்பத்தான் கேரளம்’ என்ற பெயரில் மக்களை அழைத்து ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைய வைத்தது.

சென்னைக்கென்று தனித் தலைவலிகளும் உண்டு. ‘பழைய எண் 23, புதிய எண் 47’ என்று இரண்டு கதவு எண்ணோடு வாழும் ஊர் இது. அண்ணா சாலையை இன்னும் மவுண்ட் ரோடு என்றே சொல்லும் ஊர். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் பழைய பெயர், மாற்றுப் பெயர், தமிழ்ப் பெயர் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. எது அதிகாரபூர்வப் பெயர் என்பது மாநகராட்சிக்குத் தெரியும், மக்கள் வாயில் எது புழங்குகிறது என்பது மக்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் தகவல் தந்தால்தான் மேப் முழுமையாகும்.

நாம என்ன பண்ணலாம்?

ஓபன் ஸ்ட்ரீட் மேப் தளத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கணக்கு தொடங்கிச் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ‘ஸ்ட்ரீட் கம்ப்ளீட்’ செயலி இருந்தால், நடந்து போகும்போதே ‘இந்தத் தெருவின் பெயர் என்ன?’ என்பது போன்ற எளிய கேள்விகளைக் கேட்டு, உங்கள் பதிலை மேப்பில் சேர்த்துவிடும். கூகுள் மேப்பைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள், அது உரிம மீறல். நேரில் பார்த்ததை எழுதுங்கள்.

உங்கள் வார்டு கவுன்சிலரிடமோ பஞ்சாயத்துத் தலைவரிடமோ தெருப் பட்டியல் கேட்டால், ஒரு முறை கொடுத்துவிட்டு நிறுத்தாமல், புதுத் தெரு வரும்போதெல்லாம் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மக்கள் மேப்பில் செய்த மாற்றத்தை அலுவலகத்தில் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். அதற்கென்று ஒருவர் இருந்தால்தான், அடுத்த முறை ஆம்புலன்ஸ் உங்கள் தெருமுனையில் நின்று வழி கேட்காமல் நேராக வீட்டு வாசலுக்கு வரும்.