பார்த்தாலும் குற்றம், மறைத்தாலும் குற்றம்

குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனியாகப் பதிவிறக்கிப் பார்த்தால் குற்றமில்லை என்று நினைப்பவர்கள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி, முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இன்னொன்று. நம் பிள்ளையின் படத்தைக் காட்டி ஒருவன் மிரட்டினால், மானத்துக்குப் பயந்து ஜமாஅத்தில் பேசி முடிக்கப் பார்க்கிறோம். போக்சோ சட்டம் அதற்கு இடம் தரவில்லை. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு, அவர் முத்தவல்லியே ஆனாலும், 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலேயே கொடுக்கலாம். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் 1098-க்குப் பேசுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.