இரண்டாவது வண்டி இலகுவாக இருக்கட்டும்

ஞாயிறு மதியம் ஷட்டரை இறக்கியபின் தாம்பரத்திலிருந்து வேடந்தாங்கல், மாமல்லபுரம் பக்கம் போய்வர நம்மில் பலருக்கு ஆசை உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் கனமான வண்டி சுகம்தான். மண் பாதையில்தான் சிக்கல்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் ஏரிக்கரைச் சேற்றில் நமது வண்டி சரிந்தது. அறுபதைத் தாண்டிய நாம் தனியாகத் தூக்க முடியாமல், ஆடு மேய்ப்பவர் ஒருவர் வரும்வரை நின்றோம். கால் அடியில் சிக்காதது ஆண்டவன் புண்ணியம்.

கணக்கைப் பாருங்கள். 2021இல் வந்த கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 154 கிலோ. வித்தியாசம் ஒன்றரை சிப்பம் அரிசிக்கும் மேல்! முன்சக்கரம் 21 அங்குலம். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் 220 மி.மீ. இடைவெளி. கல்லிலும் குழியிலும் எளிதில் தட்டாது. ஆனால் இருக்கை உயரம் 82 செ.மீ.க்கு மேல். உட்கார்ந்து, கால் ஊன்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டியானால் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு மூன்றையும் பாருங்கள். புது வண்டிக்கு 2018 செப்டம்பர் முதல் 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதையும் விலையோடு கூட்டுங்கள்.

வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியை விட வேண்டாம். கல்லாவில் கை வைத்தும் வாங்க வேண்டாம். சரக்கு முதல் வேறு, ஆசை வேறு!