டஃபியின் உண்மைப் பெயர்
பொமரேனியன் என்ற பெயரிலேயே வளர்ந்த இந்தியன் ஸ்பிட்ஸ் இன்று வீடுகளிலிருந்து மெல்ல மறைந்து வருகிறது

1994-ல் வெளியாகி நாடு முழுவதும் சக்கைப்போடு போட்ட 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில், சல்மான் கானுக்கும் மாதுரி தீட்சித்துக்கும் இணையாகக் கைதட்டல் வாங்கிய நட்சத்திரம் ஒன்று உண்டு. டஃபி என்ற வெள்ளை நாய். இறுதிக் காட்சியில் கதையின் சிக்கலை அவிழ்ப்பதே அது கொண்டு போய்க் கொடுக்கும் கடிதம்தான். பார்த்தவர்களில் பலர் அதைப் பொமரேனியன் என்றே நினைத்தார்கள். அது இந்தியன் ஸ்பிட்ஸ்.

இந்தக் குழப்பம் பல பத்தாண்டுப் பழசு. டெல்லி அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கொல்கத்தாவின் பழைய வீடுகள்வரை, 1980களிலும் 90களிலும் நடுத்தர வர்க்கம் 'பாம்' என்று செல்லமாக அழைத்தது பெரும்பாலும் இந்த நாயைத்தான். அசல் பொமரேனியன் 24 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டுவது அரிது. எடை மூன்றரை கிலோவுக்குள். சிறிய வகை ஸ்பிட்ஸ் 5 முதல் 7 கிலோ இருக்கும். பெரிய வகை 12 கிலோவையும் தாண்டும். நரியைப் போல நீண்ட முகம், நிமிர்ந்த காது, முதுகின் மேல் சுருண்ட வால். நிறம் பெரும்பாலும் வெள்ளை. பழுப்பும் கறுப்பும் உண்டு.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ்தான் இதன் மூதாதை. தலைமுறை தலைமுறையாக இந்தியக் கோடையையும் தயிர்சாதத்தையும் ரொட்டியையும் தாக்குப்பிடித்துப் பழகிவிட்டது.

ஆனால் சந்தை மாறியது. பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வெளிநாட்டு நாய்கள் மீது மோகம் கூடியது. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய 'பக்' எல்லோரையும் மயக்கியது. பிறகு ஷிட்சூ வந்தது. நாய்கள் உடல் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைத்துத்தான். மூக்கு சப்பையான இனங்களுக்கு அதுவே சிரமம். நீண்ட மூக்குள்ள ஸ்பிட்ஸுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் ஓரங்கட்டப்பட்டது அதுதான்.

சொந்த மண்ணிலும் அதற்கு ஆதரவு இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி தனது வானொலி உரையில் இந்திய இன நாய்களை வளர்க்கச் சொன்னபோது முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை பெயர் பெற்றன. ஸ்பிட்ஸ் அந்த வரிசையில் இல்லை. வெளிநாட்டு இனம் தேடுபவர்களுக்கு இது உள்ளூர் நாய். நாட்டு நாய் ஆர்வலர்களுக்கோ இது வந்தேறி. இடையில் லாபம் பார்ப்பவர்கள் வியாபாரிகள். ஸ்பிட்ஸ் குட்டியை 'டாய் பாம்' என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு வயதில் அது ஆறு கிலோ ஆகும்போது வாங்கியவர் ஏமாந்தது தெரிகிறது. தண்டனை நாய்க்கு: பால்கனிச் சங்கிலி அல்லது தெரு.

வளர்ப்பது எப்படி?

இது சுறுசுறுப்பான, புத்திசாலி நாய். சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அழைப்புமணி அடிக்கும் முன்பே குரைக்கும். அண்டை வீட்டாரோடு சண்டை வேண்டாமென்றால் குட்டியிலேயே அடக்கப் பழக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தால் கடிக்கத் தயங்காது.

உடலில் ரோமம் இரண்டு அடுக்கு. கோடையில் மொட்டையடித்தால் குளிர்ச்சி என்று பலர் நினைப்பது தவறு. மேலடுக்கு வெயிலைத் தடுக்கும் கவசம். வாரம் இரண்டு, மூன்று முறை அடிவரை சீவினால் போதும். சீவும்போதே காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கலாம். உண்ணிக் காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது. நடைக்குக் கூட்டிப்போக அதிகாலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நல்ல நேரம்.

சிறிய நாய்களுக்குப் பல் ஒரு பலவீனம். ஏழு மாதத்துக்குப் பிறகும் பால்பல் விழாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுக்குழாயும் மென்மையானது என்பதால் கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை நல்லது. பிஸ்கட்டும் இனிப்பும் கொடுத்துக் கொழுக்க வைத்தால் முழங்கால் சில்லு நழுவும் தொல்லை மோசமாகும். சாக்லெட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளைத் தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குட்டி போட வைக்கும் எண்ணமில்லாத பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டால், வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இல்லை.

இத்தனைக்கும் பலனாகப் பன்னிரண்டு வருடம், அதற்கு மேலும்கூட ஸ்பிட்ஸ் வீட்டைக் காவல் காக்கும். குட்டி வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விற்பவர் சொல்லும் பெயரை நம்பாமல், தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். தாய் ஆறு கிலோ ஸ்பிட்ஸ் என்றால் குட்டியும் ஸ்பிட்ஸ்தான். அதைத் தெரிந்தே வீட்டுக்குக் கொண்டுவருபவர், அது வளர்ந்துவிட்டதற்காகத் தெருவில் விட மாட்டார்.